கிணற்றடிக் கேள்விகள்: நகரத்துக்குள் ஒரு துண்டுத் தோட்டம்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விடயத்தைப் பற்றியவை. சொந்தக் காணி இல்லாதவர்கள் நகரத்துக்குள் எப்படித் தோட்டம் செய்வது, செய்தால் அயலாரோடு எப்படி ஒத்துப்போவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகவே ரோசாப்பூக் கேள்விகளையும் தென்னங்கன்றுக் கேள்விகளையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் பாடசாலையில் விவசாயம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். மட்டக்களப்புக் கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில், பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து செய்கிற தோட்டமொன்றில் எனக்கும் நான்கு பேர்ச் துண்டு (ஒரு பேர்ச் என்றால் பதினாறரை அடிக்குப் பதினாறரை அடி) இருக்கிறது. அந்த மணலில் கண்டதையும் பட்டதையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ரீச்சர், நாங்கள் தாண்டவன்வெளியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். இரண்டு பேருக்கும் வேலை. வீட்டுக்கு முன்னால் இருபத்தைந்து பேர்ச் அளவில் ஒரு காணி பற்றை பிடித்துக் கிடக்கிறது. சொந்தக்காரர் கொழும்பில். ஒழுங்கையில் ஆறு வீட்டார் சேர்ந்து அதில் தோட்டம் செய்ய ஆசைப்படுகிறோம். கேட்டால் தருவாரா? எப்படிக் கேட்பது?
– இளம் தம்பதியர், தாண்டவன்வெளி

கேளுங்கள் பிள்ளைகள். ஆனால் கேட்கப் போகும் முன் அவருடைய பயம் என்ன என்று விளங்கிக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் 1871ஆம் ஆண்டு முதல் ஒரு சட்டம் இருக்கிறது. ஒருவருடைய காணியில் இன்னொருவர் பத்து வருடம் தடையில்லாமல், தன்னுடையது போல ஆண்டுவந்தால், அந்த ஆட்சியைக் காட்டி உரிமை கோரலாம். தூரத்தில் இருக்கும் காணிக்காரர் எல்லோருடைய நெஞ்சிலும் இந்தப் பத்து வருடம் உட்கார்ந்திருக்கிறது. பற்றை வளர்ந்தாலும் பரவாயில்லை, ஆள் நுழையக் கூடாது என்று அவர்கள் நினைப்பது கஞ்சத்தனத்தால் அல்ல.

அந்தப் பயத்தைத் தீர்ப்பது ஒரு கடிதம்தான். அனுமதியின் பேரில் இருப்பவர் அந்த அனுமதியை ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தால், அவர் அங்கே தன் சொந்த உரிமையில் ஆள்பவர் ஆகமாட்டார். எங்கள் தோட்டம் 2022இல் தொடங்கியது. பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, மரக்கறி வாங்கப் போனால் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வருகிற காலம். அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து, தோட்டம் செய்யுங்கள் என்றார்கள். எங்கள் ஒழுங்கையில் விடுமுறை கிடைத்தவர்கள் நாலைந்து பேர். கொத்துவதற்குக் காணிதான் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் குடும்பமொன்றின் அறுபது பேர்ச் சும்மா கிடந்தது. தொலைபேசியில் கேட்டோம். இரண்டு கிழமை ஒரு பதிலும் இல்லை. பிறகு பன்னிரண்டு வீட்டாரும் கையெழுத்து வைத்து எழுதி அனுப்பினோம். காணி உங்களுடையது, உங்கள் அனுமதியில் மட்டும் நிற்கிறோம், சொன்னால் மூன்று மாதத்தில் விட்டுவிடுவோம், தென்னை மா பலா வைக்கமாட்டோம், சீமெந்து போடமாட்டோம், ஒவ்வொரு தைப் பொங்கலுக்கும் இதே கடிதத்தைப் புதுப்பித்துத் தருவோம். அடுத்த நாளே 'சரி' என்று வந்தது. நீங்கள் எழுதுவதை உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். அந்தச் செலவை ஆறு வீட்டார் பகிர்ந்தால் பெரிதாகத் தெரியாது.

மரம் வைக்காதது பற்றி ஒரு சொல். எங்களில் ஒருவர் தன் துண்டின் மூலையில் ஒரு மாங்கன்றை ஊன்றிவிட்டார். பிள்ளை பிறந்த சந்தோசத்தில் வைத்த கன்று. எடுக்கச் சொல்ல எங்கள் ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஆனாலும் எழுதிக் கொடுத்தது எழுதிக் கொடுத்ததுதான். வேரோடு கிளப்பிச் சாக்கில் சுற்றி அவருடைய மாமியார் வளவுக்குக் கொண்டுபோய் நட்டோம். அது அங்கே பிழைத்துவிட்டது. கன்று சிறிதாக இருக்கும்போதே பேசியதால் பிழைத்தது.

துண்டு பிரிப்பது லேசான வேலை. கயிறும் நாலு கம்பும் போதும். அறுபது பேர்ச்சில் நாலு பேர்ச்சாகப் பன்னிரண்டு துண்டுகள், மிச்சம் பன்னிரண்டு பேர்ச் நடைபாதைக்கும் கிணற்றடிக்கும் கூட்டெருக் குழிக்கும். யாருக்கு எந்தத் துண்டு என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தோம், சண்டை வரவில்லை. சண்டை வந்தது கிணற்றில். காணியைப் பன்னிரண்டாகப் பிரிக்கலாம், கிணற்றைப் பிரிக்க ஏலாது. ஆறு வீட்டாரும் முதல் நாள் கூடும்போதே, யார் எந்த நேரம் அள்ளுவது, எத்தனை வாளி, மோட்டர் போடலாமா கூடாதா என்பதைப் பேசி முடியுங்கள். என்ன நடுவது என்பதைப் பிறகு பேசலாம். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது அடுத்த பதிலில் விளங்கும்.

கேள்வி: சுனாமிக்குப் பிறகு வந்து குடியேறிய இடத்தில் இருக்கிறோம். ஊரில் இருந்த மாதிரித் தோட்டம் செய்யலாம் என்று பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து ஒரு பொதுக் கிணறு வெட்டினோம். மாரியில் நல்ல தண்ணீர். ஆடி ஆவணியில் சவர்த்துப் போகிறது. போஞ்சி இலையெல்லாம் ஓரம் கருகுகிறது. ஆழமாக வெட்டினால் நல்ல தண்ணீர் வருமா?
– வாசகர் ஒருவர், திராய்மடு

வெட்ட வேண்டாம் தம்பி. தயவுசெய்து வெட்ட வேண்டாம். ஆழம் போகப் போக உப்புக்குக் கிட்டப் போகிறீர்கள்.

எங்கள் கரையோர மணலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, இரண்டும் மணலுக்குள்ளால் உப்பு நீரைத் தள்ளுகின்றன. மாரியில் விழும் மழை மணலில் இறங்கி அந்த உப்பு நீருக்கு மேலே நிற்கிறது, நன்னீர் பாரம் குறைந்ததால். அதன் உருவத்தை நான் பிள்ளைகளுக்குப் பாலப்பத்தை வைத்துத்தான் காட்டுவேன். நடுவில் தடிப்பு, ஓரத்தில் மெல்லிசு. உங்கள் வளவு வாவிக் கரைக்குக் கிட்ட என்றால் அப்பத்தின் ஓரத்தில் இருக்கிறீர்கள்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கடல் நீர் நன்னீரை விட ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்குதான் பாரம் கூடியது. அதனால் கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், அதன் கீழே நாற்பது அடி அளவுக்கு நன்னீர் இருக்கலாம். கேட்க நல்லாக இருக்கிறது. அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஓரடியை இழந்தால் கீழே நாற்பது அடியை உப்பு பிடித்துவிடும். ஒரேயடியாக நடப்பதில்லை, ஆனால் மோட்டரைப் போட்டு மணிக்கணக்கில் இழுக்கும்போது கிணற்றுக்கு நேர் கீழே உப்பு நீர் கூம்பு மாதிரி எழும்பி வரும். ஒரு தரம் எழும்பினால் இறங்குவதற்கு மாரி வர வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் முதல் வருடம் இதுதான் நடந்தது. ஒருவர் கூடாத மனதோடு செய்யவில்லை. பகலில் வேலை, இரவில்தான் நேரம், மோட்டரைப் போட்டுவிட்டுக் கண்ணயர்ந்துவிட்டார். இரண்டு கிழமை அப்படி. ஆவணி நடுவில் பன்னிரண்டு துண்டுக்கும் சவர்த் தண்ணீர். என் வெண்டி பூவோடு நின்று சோர்ந்தது. அன்றிலிருந்து மோட்டர் இல்லை. வாளியும் கயிறும்தான். காலை ஐந்தரையிலிருந்து ஏழரை, பின்னேரம் நாலரையிலிருந்து ஆறரை. ஒரு துண்டுக்கு ஒரு நேரத்துக்குப் பதினைந்து வாளி. வாளியில் அள்ளினால் மேல் தண்ணீர்தான் வரும், இடையிடையே கிணறு ஊறிக்கொள்ளும். முதுகு வலிக்கிற வயதானவர்களுக்கு இளந்தாரிகள் அள்ளிக் கொடுக்கிறார்கள். மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

உங்களுக்குச் சொல்வது: ஒரு ஆழக் கிணற்றுக்குப் பதில், தூரத் தூர இரண்டு மூன்று ஆழமில்லாத கிணறுகள் நல்லது. மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது, ஆகவே பிடித்து வைக்கும் பொருளை நீங்கள்தான் உள்ளே போட வேண்டும். பாத்திக்கு ஒன்றரை அடி கிடங்கு வெட்டி, தேங்காய்ப் பொச்சு மட்டையை வெளிப்புறம் கீழே, உட்புறம் மேலே பார்க்க அடுக்கி, மேலே மக்கிய சாணமும் மணலும் கலந்து மூடுங்கள். பொச்சு மட்டை ஊறி நின்று வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். மேலே வைக்கோலோ, வேலிக்கு ஊன்றும் கிளிசிரியா மரத்தின் காய்ந்த இலையோ மூடுபடையாகப் போடுங்கள். சவர்த் தண்ணீரை இலையில் தெளிக்கவே கூடாது. அடியில் ஊற்றுங்கள். வெயிலுக்கு முன் ஊற்றுங்கள்.

பயிரையும் மாற்றுங்கள். போஞ்சி, வெங்காயம், கரட் உப்பைக் கண்டால் முதலில் விழுகிறவை. பீற்றூட் தாங்கும். பயிற்றை போஞ்சி போலச் சுருக்காகத் தோற்காது. தக்காளியும் கத்தரியும் இடைப்பட்டவை.

சுனாமி என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டுக் கிணற்றிலும் அன்று கடல் வந்து இறங்கியது. பிறகு இறைத்தால் தெளியும் என்று நினைத்து மோட்டர் வைத்து இறைத்தோம், இறைக்க இறைக்க உப்புத்தான் வந்தது. கடைசியில் விட்டுவிட்டோம். அதற்கடுத்த மாரி முழுதும் பெய்து, இன்னொரு மாரியும் பெய்த பிறகுதான் அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டுக் குடிக்க முடிந்தது. இறைத்ததை விட மழையை விட்டு வைத்ததுதான் கிணற்றைத் திருப்பித் தந்தது.

கேள்வி: எங்கள் வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் ஏழெட்டுப் பேர் சேர்ந்து தோட்டம் செய்கிறார்கள். நல்ல விடயம்தான். ஆனால் மீன் கழிவு மணம் தாங்க முடியவில்லை. நுளம்பும் கூட. சொன்னால், 'தோட்டத்துக்கு எதிரி' என்கிறார்கள். நான் என்ன செய்வது?
– வாசகி ஒருவர், நாவற்குடா

நீங்கள் சொல்வதில்தான் நியாயம் இருக்கிறது அக்கா. தோட்டக்காரர்கள் இதை வாசித்தால் அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

மீன் கழிவு நல்ல பசளை. அதை மேலே கொட்டி இரண்டு பிடி மண் தூவினால் அது பசளை ஆகாது, பூனைக்கும் நாய்க்கும் இலையானுக்கும் பந்தி ஆகும். ஒன்றரை அடி ஆழத்தில் புதைக்க வேண்டும். அல்லது கழிவின் நிறைக்குச் சமமாகச் சர்க்கரை போட்டு, மூடியுள்ள வாளியில் மூன்று கிழமை வைத்தால் தேன் மாதிரிக் கரைந்து வரும். மணமும் அழுகல் மணம் அல்ல. ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

நுளம்பு விடயம் இதைவிடப் பெரியது. டெங்கு நுளம்பு சாக்கடையில் அல்ல, நாங்கள் தோட்டத்துக்கென்று பிடித்து வைக்கும் தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. முட்டை நுளம்பாக எட்டுப் பத்து நாள் போதும். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, முட்டை பீப்பாயின் உட்சுவரில் ஒட்டிக் கிடந்து மாதக்கணக்கில் காய்ந்தும் உயிரோடு இருக்கும். உரஞ்சிக் கழுவ வேண்டும். ஒரு மாரியில் சுகாதாரப் பரிசோதகர் எங்கள் தோட்டத்துக்கு வந்து நீல நிறப் பீப்பாய் ஒன்றைத் திறந்தார். உள்ளே புழு நெளிந்தது. யாருடைய பீப்பாய் என்று கேட்டார், பன்னிரண்டு பேரில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை, அடுத்த ஒழுங்கையில் ஒரு பிள்ளை டெங்கோடு ஆஸ்பத்திரியில் கிடந்த கிழமை அது. இப்போது ஒவ்வொரு பீப்பாயிலும் துண்டு இலக்கம் எழுதியிருக்கிறது, வாய்க்கு நுளம்பு வலை கட்டியிருக்கிறது, வெள்ளிக்கிழமை கழுவும் நாள்.

அவர்கள் குழுவாக நிற்கும்போது நீங்கள் போய்ச் சொல்லாதீர்கள். அவர்களில் உங்களுக்குப் பழக்கமானவர் ஒருவர் தண்ணீர் ஊற்ற வரும் நேரம் பார்த்து, மதிலடியில் கூப்பிட்டு, மூக்கால் மணக்கச் செய்து காட்டுங்கள். ஒரு மாதத்துக்குள் மாறாவிட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போவதில் பிழையே இல்லை.

கேள்வி: குருக்கள்மடத்தில் பிறந்தவள், இப்போது லண்டனில். ஐந்து வருடம் காத்திருந்து மாநகர சபை தோட்டம் செய்ய வாடகைக்குக் கொடுக்கும் 'அலொட்மென்ட்' துண்டு ஒன்று கிடைத்திருக்கிறது. பத்து 'றொட்' என்கிறார்கள். அது எங்கள் கணக்கில் எவ்வளவு? ஊர் மரக்கறி ஏதாவது வருமா?
– வாசகி ஒருவர், கிழக்கு லண்டன்

தங்கச்சி, உங்கள் கடிதத்தைப் பார்த்து நான் கொஞ்ச நேரம் சந்தோசப்பட்டுக்கொண்டே இருந்தேன். அவர்களுடைய 'றொட்'டும் எங்கள் பேர்ச்சும் ஒன்றேதான். பதினாறரை அடிக்குப் பதினாறரை அடி. அவர்கள் வைத்த அளவை நாங்கள் இன்றும் உறுதியில் எழுதுகிறோம், அவர்கள் தோட்டத்துக்கு மட்டும் வைத்திருக்கிறார்கள். ஆக உங்களுக்குப் பத்து பேர்ச், ஏறக்குறைய 250 சதுர மீற்றர். என்னுடையதை விட இரண்டரை மடங்கு.

அங்கே 1908ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. ஊரில் வாக்காளர் ஆறு பேர் சேர்ந்து, எங்களுக்குத் தோட்டத் துண்டு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், சபை அதைக் கவனத்தில் எடுத்தே ஆக வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பூங்காக்களையும் கொத்தினார்கள், லண்டன் கோபுரக் கோட்டையின் அகழியிலும் மரக்கறி நட்டார்கள். அப்படி ஒரு சட்டம் எங்களுக்கும் வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். ஆறு பேர் கையெழுத்து வைக்க எங்கள் எந்த ஒழுங்கையிலும் ஆள் இருக்கிறது.

நடுகை: எங்களுக்கு ஐப்பசி மழையோடு தொடங்குவது உங்களுக்குச் சித்திரை வைகாசியில் தொடங்கும். மே நடுப்பகுதி வரை உறைபனிப் பயம் இருப்பதால் கொச்சிக்காய், கத்தரி நாற்றை மாசி பங்குனியில் வீட்டுக்குள் யன்னலடியில் போட்டுப் பிறகு வெளியே கொண்டுபோங்கள். கொத்தமல்லி, வெந்தயக்கீரை, பூசணி தாராளமாக வரும். முளைக்கீரை கோடையில் வரும். பயிற்றைக்கு அந்தக் குளிர் சரிவராது. அங்கே சிவப்புப் பூப் பூக்கும் ஒரு கொடி அவரை எல்லோரும் போடுகிறார்கள், அதைப் பிஞ்சாகப் பறித்துத் தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுங்கள். முருங்கைக்கு ஆசைப்படாதீர்கள், மனம் நொந்துபோகும்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் ரீச்சர். எங்கள் ஊரில் சுவரோடு சுவர் வீடு. பொதுத் தோட்டத்துக்கு ஒரு பேர்ச்சும் கிடையாது. நானும் மச்சியும் சேர்ந்து மொட்டைமாடியில் செய்யலாமா?
– வாசகி ஒருவர், காத்தான்குடி

வ அலைக்கும் ஸலாம். தாராளமாகச் செய்யலாம். உங்கள் பிரதான வீதியின் நடுவே பேரீச்சை காய்த்துத் தொங்குவதைப் பார்க்கிறவர்களுக்கு அந்த ஊரில் எதுவும் வராது என்று சொல்ல மனம் வராது. மாடியில் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று பாரம். ஈர மண் ஒரு கன அடி நாற்பத்தைந்து கிலோ வரை வரும். மண்ணைக் குறைத்து, பாதிக்குப் பாதி தும்புத்தூளும் கூட்டெருவும் போடுங்கள். சாக்குகளை நடுவில் வைக்காமல் சுவர் வரும் ஓரங்களில் வையுங்கள். மற்றது வெயில். பங்குனியிலிருந்து ஆவணி வரை பாதி வெயிலை மறைக்கும் வலை இல்லாமல் ஒன்றும் நிற்காது. பசளியில் தொடங்குங்கள், அது ஏமாற்றாது. தும்புத்தூளை இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே போட வேண்டும், அதிலும் உப்பு இருக்கும்.

கேள்வி: நான் பத்தாம் ஆண்டு படிக்கிறேன். வாவியில் மாரிக்கு ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) வந்து மூடுகிறது, பிறகு காணாமல் போகிறது. ஏன்? அதைத் தோட்டத்துக்குப் போடலாமா?
– மாணவி ஒருவர், புளியந்தீவு

நல்ல கண் பிள்ளைக்கு. மாரியில் குளங்களும் ஆறுகளும் பெருகி வாவிக்கு நன்னீரைக் கொண்டுவரும், கூடவே ஆற்றுவாழையையும் இழுத்து வரும். பாலமீன்மடுப் பக்கம் முகத்துவாரம் திறபட்டுக் கடல் நீர் உள்ளே வந்தால் அதற்கு உப்புத் தாங்காது, பழுத்துச் செத்துவிடும். செத்தது அடியில் அழுகித் தண்ணீரின் ஒட்சிசனைத் தின்னும். அதனால் உயிரோடு நிற்கும்போதே கரைக்கு இழுப்பது வாவிக்கும் நல்லது.

தோட்டத்துக்குப் போடலாம். பச்சையாகப் போடாமல் மூன்று நாலு நாள் வெயிலில் வாட்டி, சாணத்தோடு அடுக்கிக் கூட்டெருவாக்கிப் போடுங்கள். ஆனால் வடிகான் வந்து விழும் இடத்தில் எடுத்ததைக் கீரைக்குப் போடாதீர்கள். அது தண்ணீரில் உள்ள உலோகங்களையும் உறிஞ்சி வைத்திருக்கும் செடி. அதைப் பூமரத்துக்குப் போடுங்கள்.

கேள்வி: எங்கள் பொதுத் தோட்டத்தில் இரண்டு கட்சி. ஒரு கட்சி யூரியா வேண்டும் என்கிறது, மறு கட்சி தொடவே கூடாது என்கிறது. நீங்கள் எந்தக் கட்சி?
– வாசகர் ஒருவர், பாண்டிருப்பு

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியதையும், அந்த நவம்பரில் திரும்ப விட்டதையும் மறந்திருக்கமாட்டீர்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் எங்கள் உறவினருடைய வயலில் அந்தப் பெரும்போகம் கதிர் நின்ற நிலையைப் பார்த்து நான் அழுதேன். ஆகவே யூரியா நஞ்சு என்று வயல்காரரிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் உங்கள் தோட்டம் வயல் அல்ல, கரையோர மணல். களிமண் பிடித்து வைக்கும், மணல் பிடித்து வைக்காது. இன்று போட்ட யூரியாவில் செடி எடுத்தது போக மிச்சம் நைத்திரேற்றாகி அடுத்த மழையோடு கீழே இறங்கிக் கிணற்றில் நிற்கும். அதே கிணற்றுத் தண்ணீரில் யாராவது கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். குடிநீரில் லீற்றருக்கு ஐம்பது மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது முக்கியமாக அந்தக் குழந்தைகளுக்காகத்தான், அவர்களுடைய இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் நீலம் பாரிக்கும். சாணத்திலும் கோழி எருவிலும் இதே நைத்திரேற்று வருகிறது, 'இயற்கை' என்று கிணற்றடியில் குவித்து வைத்தால் அதுவும் இறங்கும். எருக் குவியலைக் கிணற்றிலிருந்து ஐம்பது அடிக்கு அப்பால் தள்ளுங்கள். மக்கியதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். இரண்டு கட்சிக்கும் கிணறு ஒன்றுதானே, அதை வைத்துப் பேசி முடியுங்கள்.

கேள்வி: கட்டாக்காலி மாடு ஒரே இரவில் எல்லாவற்றையும் தின்றுவிட்டது. வேலிக்கு என்ன செய்வது?
– வாசகர் ஒருவர், ஊறணி

கிளிசிரியாக் கம்பை ஐப்பசியில் ஓரடிக்கு ஒன்றாக நெருக்கி ஊன்றுங்கள். இரண்டு வருடத்தில் மாடு நுழையாத உயிர் வேலி, இலை பசளைக்கு. அதுவரை முட்கம்பி நாலு வரி, கீழ் வரி முழங்காலுக்குக் கீழே. மாட்டுக்காரரைத் தெரிந்தால் அடிக்கப் போகாமல், சாணம் கேட்டுப் போங்கள். அதில் தொடங்கிய பழக்கத்தில்தான் எங்களுக்கு இன்று வருடம் முழுதும் எரு வருகிறது.

கேள்வி: ரீச்சர், என் மனைவி மகளுடைய பிள்ளைப்பேற்றுக்காக ரொறன்ரோ போய்விட்டா. ஆறு மாதமாகும் வர. எங்கள் பொதுத் தோட்டத்தில் அவவுடைய துண்டை நான்தான் பார்க்க வேண்டும். முப்பது வருடம் தபால் கந்தோரில் வேலை செய்தவன், மண்வெட்டி பிடித்ததில்லை. பால்மா ரின்னுக்குள் சாம்பலோடு ஏழு பொட்டலம் விதை இருக்கிறது, பெயர் எழுதவில்லை. மாரி வரப்போகிறது. எங்கே தொடங்குவது?
– ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர், இருதயபுரம்

ஐயா, சாம்பலில் வைத்திருக்கிறா என்றால் கைதேர்ந்த தோட்டக்காரி. பொட்டலங்களை வெள்ளைத் தாளில் ஒவ்வொன்றாகக் கொட்டிப் பாருங்கள். மிளகைப் போல உருண்டு சாம்பல் பச்சை என்றால் வெண்டி. தட்டையாக வெளிர் மஞ்சள், தொட்ட விரல் எரிந்தால் கொச்சிக்காய். அதைவிடச் சிறியது, கொஞ்சம் மண்ணிறம் என்றால் கத்தரி. தட்டையாக மேலே மெல்லிய மயிர் பிடித்திருந்தால் தக்காளி. ஆமை ஓடு மாதிரிச் செதுக்கிய விதை பாகல். கறுத்துத் தட்டையாக இருந்தால் பீர்க்கு. கடுகை விடச் சிறிதாகக் கறுத்து மினுங்கினால் கீரை.

பிறகு ஒவ்வொன்றிலும் பத்து விதையை ஈரத் துணியில் மடித்து வையுங்கள். வெண்டி நாலைந்து நாளில் முளை காட்டும், கொச்சிக்காய் எட்டுப் பத்து நாள் எடுக்கும், பயந்து எறிந்துவிடாதீர்கள். பத்துக்கு ஐந்துக்குக் கீழே முளைத்தால் இரட்டிப்பாகப் போடுங்கள்.

கொச்சிக்காயும் கத்தரியும் இப்போதே நாற்றுமேடையில். ஐந்து கிழமையில் பிடுங்கி நடலாம். வெண்டி, பாகல், பீர்க்கு முதல் மழை விழுந்து மண் ஈரமானதும் நேராகவே ஊன்றலாம். பாத்தியை ஒரு முழங்கை உயரத்துக்கு உயர்த்துங்கள், கார்த்திகை மார்கழி மழையில் தாழ்ந்த பாத்தி குளமாகிவிடும். தக்காளி விதையைத் தொடாதீர்கள். அது மார்கழியில் மேடை போட்டுத் தையில் நடுவது, அடைமழையில் வைத்தால் அழுகும். மண்வெட்டி பற்றிக் கவலைப்பட வேண்டாம், மணல்தானே, காலை வெயிலுக்கு முன் அரை மணித்தியாலம் கொத்தினால் போதும். பக்கத்துத் துண்டுக்காரரிடம் கிணற்று முறை எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அவவுடைய முறைதான் இனி உங்களுடையது.

நான் சொன்னதில் எந்த விதையாவது பொருந்தாவிட்டால், காலை ஆறரைக்குக் கிணற்றடியில் நின்று வட்ஸ்அப்பில் மனைவிக்கு வீடியோ அழைப்பு எடுங்கள். ரொறன்ரோவில் அப்போது முதல் நாள் இரவு ஒன்பது மணி, பேரப்பிள்ளை நித்திரையாகியிருக்கும். பொட்டலத்தை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுங்கள், அம்மா பெயர் சொல்லுவா. பேனையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போங்கள், சொல்லச் சொல்லத் தாளில் எழுதிவிடலாம்.